பன்னிரண்டு நிமிடம்

அரசாங்கத்தில் போக்குவரத்து ஆராய்ச்சி உத்தியோகத்தர் என்று ஒரு வேலை இருப்பது கண்டியில் பலருக்குத் தெரியாது. நான் அதில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், ஒரு வழியை ஓடி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றெல்லாம் பார்த்து எழுதி அறிக்கை கொடுப்பது என் வேலை. அப்படி நான் கொடுத்த ஓர் அறிக்கையின் பின்னால் ஒரு மனிதர் செத்தார். இன்னொருவர் சிறைக்குப் போகவிருந்தார். அந்த இன்னொருவரின் முகத்தில் நான் அடித்திருக்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் அதற்கு வழி.

வேலைக்குச் சேர்ந்தபோது மேசை, கதிரை, மின்விசிறி, கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மூன்றாம் நாளே குட்ஷெட் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். கையில் அலுமினிய விளிம்பு போட்ட எழுதுபலகை, அதில் ஒரு கட்டுப் படிவம். காலை ஆறரை இருக்கும். இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. அடுத்து யாருடைய முறை என்பதில் தகராறு. ஒரு கொண்டக்டர் சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்து வந்து மற்றவனின் வாயில் அடித்தான். பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. வடை விற்றுக்கொண்டிருந்தவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "பாத்து நில்லுங்க மிஸ்" என்றார். படிவத்தில் குறிப்புகளுக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் "தகராறு, தாமதம்" என்று எழுதினேன்.

அந்தக் கட்டத்தில் பிறகு எவ்வளவோ எழுதினேன். பெனியனோடு ஓடிவந்து இன்னொரு பஸ்ஸின் முன்கண்ணாடியில் கல்லைப் போட்ட டிரைவர். நேரம் குறிக்கும் அறைக்குள் வைத்துக் கைவிரலை மடக்கி உடைக்கப்பட்ட டைம் கீப்பர். மிதிபலகையிலிருந்து உதைத்துத் தள்ளப்பட்டு, முழங்கால் பெயர்ந்து, வலி தெரியாமல் எழுந்து ஓடிய ஒரு கொண்டக்டர். பல்லேகலவில் கிரிக்கெட் ஆட்டம் இருந்த நாளொன்றில், வழி மாற்றிவிட்ட கோபத்தில் ஒருவன் என் படிவங்களின் மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பினான். குடையால் அவன் காதோடு சேர்த்து ஒன்று கொடுத்தேன். எனக்கு எப்போதும் வாயை விடக் கை முந்திக்கொள்ளும். நான் டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள், நான்கு அண்ணன்களுக்குக் கீழே பிறந்தவள். அடி வாங்காமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் அடிக்க வேண்டும் என்று ஏழு வயதிலேயே கற்றுக்கொண்டேன். குட்ஷெட்டில் அது பெரிய தகைமையாக இருந்தது. பஸ்காரர்கள் எனக்குப் பயந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

அவர்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். தனியார் பஸ் ஒவ்வொன்றுக்கும் ஓட்ட நேரம் என்று ஒன்று உண்டு. கண்டியிலிருந்து இத்தனை மணிக்குக் கிளம்பினால் இத்தனை மணிக்குள் போய்ச் சேர்ந்து அங்குள்ள டைம் கீப்பரிடம் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். பிந்தினால் திரும்பி வரும் முறை பறிபோய்விடும், பின்னால் வந்த பஸ் அதை எடுத்துக்கொள்ளும். ஒரு முறை போனால் அந்த நாளே போனது மாதிரி. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, அவர்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அரசாங்கம் ஓட்ட நேரத்தை மட்டும்தான் தீர்மானிக்கும். அந்த நேரத்தைத் தீர்மானிக்கிற ஆய்வைச் செய்வது நான்.

தெல்தோட்டைப் பாதையைப் பற்றி முறைப்பாடு வந்துகொண்டே இருந்தது. பஸ் ஊர்கிறது, ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கிறது, நேரம் மிச்சம் இருப்பதால் ஆள் பிடிக்கிறார்கள் என்று ஆசிரியர்களும் அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர்களும் எழுதினார்கள். நானும் அந்தப் பாதையில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்த ஆய்வை ஆசையோடு எடுத்தேன். ஆனால் களவேலைக்குப் பண ஒதுக்கீடு எப்போதும் வருடக் கடைசியில்தான் கையில் வரும். டிசம்பருக்குள் முடிக்காவிட்டால் அது திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஆகவே டிசம்பரில் பத்து நாள், காலை பஸ்ஸில் ஏறிக் கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போனேன், வந்தேன். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மணியைப் பார்த்து எழுதினேன். படிவத்தின் மேல் மூலையில் "பாடசாலை நாள்: ஆம், இல்லை" என்று ஒரு கேள்வி. கலஹாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளைச் சீருடையும் முக்காடுமாகப் பெண் பிள்ளைகள் ஏறினார்கள், புத்தகப் பையால் என்னை இடித்தார்கள். பத்து நாளும் "ஆம்" என்று கோடு போட்டேன்.

ஓட்ட நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் தாராளமாகக் கிடந்தது. அதை வெட்டலாம் என்று அறிக்கை எழுதினேன். வெட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிக்கைகளில் நிறைவேறியது அது ஒன்றுதான். பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஜனவரியில் புதிய நேரம் அமுலுக்கு வந்தது. பிப்ரவரியில் அந்தப் பாதைப் பஸ்கள் ஒன்றையொன்று உரசத் தொடங்கின. பக்கக் கண்ணாடிகள் போயின. தெல்தோட்டையில் டைம் கீப்பரின் அறைக்குத் தீ வைத்தார்கள், பாதி எரிந்து அணைந்தது. ஒரு டிரைவரை மற்றவர்கள் பெல்ட்டால் அடித்தார்கள், பக்கிள் போட்ட முனையால். நேரம் போதவில்லை, மறுபடி பார்த்துத் தாருங்கள் என்று டிரைவர்கள் கையெழுத்து வைத்து ஒரு மனு அனுப்பினார்கள். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "ஆய்வு பாடசாலை நாட்களிலேயே மேற்கொள்ளப்பட்டது. மீளாய்வு அவசியமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கூட்டத்தில், "இவங்களுக்கு அடிதான் பாஷை, நேரத்த கூட்டிக் குடுத்தா கூடுதலா அடிச்சுக்குவாங்க" என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபரில் புதிய நேரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க நானே போனேன். பஸ் டிரைவருக்கு நாற்பது வயது மதிக்கலாம். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நெற்றியில் கீற்றாக விபூதி. மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கை காலியாக இருந்தது.

"வாங்க மிஸ், அதுல உக்காருங்க. சாமிமாரு ஏறுனா எந்திரிச்சுக்கலாம். அங்க இருந்தாதான் ரோட்டு நல்லாத் தெரியும்" என்றார்.

பேராதனையைத் தாண்டுவதற்குள்ளேயே ஒன்பது நிமிடம் பிந்திவிட்டது. வீதி நிறையப் பாடசாலை வேன்கள். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள். அவர் ஹோர்ன் அடிக்கக்கூட இல்லை.

"பாத்தீங்களா மிஸ், டெய்லி இதே கததான். ஸ்கூல் வேனெல்லாம் போயி முடியிறதுக்குள்ள என் டைம் போயிருது."

"நின்னு நின்னு ஆள் ஏத்தாம வந்தா சரியா வரும்" என்றேன்.

"எங்க மிஸ் நின்னேன்? நீங்கதான எழுதிக்கிட்டு வாறீங்க."

உண்மைதான். என் படிவத்தில் ஒரு தரிப்பிடத்திலும் அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கவில்லை. அதற்காகவே எனக்குக் கோபம் வந்தது.

"இந்த டைம போட்ட ஆளக் கொண்டாந்து ஒரு நாளைக்கு இந்த சீட்டுல உக்கார வைக்கணும் மிஸ்" என்று அவர் சொல்ல, பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். சுருக்கென்றது. அந்த ஆள் நான்தான் என்று நான் சொல்லவில்லை.

கலஹாவை நெருங்கும்போது மிதிபலகையில் நின்ற கொண்டக்டர், "பின்னால வாரான், வாரான்!" என்று கத்தினான். அடுத்த முறைக்குரிய பஸ் எங்களை எட்டிப் பிடித்துவிட்டது. முந்திவிட்டால் இவருடைய முறை போய்விடும். முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று ஏறமாட்டாமல் ஏறிக்கொண்டிருந்தது. வளைவு என்று தெரிந்தும் அவர் பஸ்ஸை வலப் பக்கம் எடுத்தார். எதிரே முச்சக்கரவண்டி.

சத்தம் பெரிதாக இல்லை. தகர டின்னை மிதித்தது போலத்தான் இருந்தது. முச்சக்கரவண்டியைக் கரையோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு பஸ் நின்றது. அதை ஓட்டி வந்தவரின் நெஞ்சு ஹேண்டிலுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. வாயிலிருந்து இரத்தம் நுரையாக வந்தது. என்னை நேராகப் பார்த்தார். தலையில் வெள்ளைத் தொப்பி அப்படியே இருந்தது. பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனார்.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். எழுதுபலகையை இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். அலுமினிய விளிம்பு இடது கண்ணின் மேல் இறங்கியது. "கொலகாரப் பாவி!" என்று கத்திக்கொண்டு இன்னொரு தரமும் அடித்தேன். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

அதுவரை பஸ்ஸுக்குள் ஒருவரும் அசையவில்லை. என் அடி விழுந்த பிறகுதான் பின்னாலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் அவருடைய முடியைப் பிடித்தார். இன்னொருவர் கதவைத் திறந்து காலைப் பிடித்து இழுத்தார். தார் ரோட்டில் போட்டு மிதித்தார்கள். கடையிலிருந்து ஓடிவந்தவர்கள், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர்கள், என்ன நடந்தது என்று கேட்காமலே சேர்ந்துகொண்டவர்கள். சேர்ட் கிழிந்தது. விலா எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. ஒருவர் ஹெல்மெட்டால் அடித்தார், ஒரு பெண் செருப்பால் அடித்தாள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வசவு. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர்தான் உள்ளே புகுந்து மேலே படுத்துக் காப்பாற்றினான். ஐந்து நிமிடத்துக்கு முன்பு இவரை முந்தத் துடித்தவன்.

பொலிசாரிடம் நான் வாக்குமூலம் கொடுத்தேன். "மிதமிஞ்சிய வேகம், வளைவில் முந்தினார், நான் துறைசார் உத்தியோகத்தர், என் கண்ணால் பார்த்தேன்." வேறெதுவும் நான் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து பலகையைக் கழுவினேன். பசித்தது, சாப்பிட்டேன். ஒரு கொலைகாரனை அடித்ததற்காக வருத்தப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

யாரோ எடுத்த வீடியோ அன்று மாலையே எல்லோருடைய போனிலும் ஓடியது. அவரை வெளியே இழுத்துப் போட்ட பிறகு எடுக்கத் தொடங்கியது. நான் அதில் இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, நான் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். அதையும் வாசித்தேன்.

மூன்று வாரம் கழித்து டிரைவருடைய மனைவி என் கந்தோருக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர். விரல்நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. பக்கத்திலிருந்த ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பல்லேகலச் சிறைக்கு, விளக்கமறியலுக்குக் கொண்டுபோகப்பட்டதாகவும் இடது கண் பார்வை போய்விட்டதாகவும் சொன்னார். வழக்கில் அவருக்கு எதிராக இருப்பதில் பலமானது என் வாக்குமூலம் என்று வக்கீல் சொன்னாராம். அது அப்படியே நின்றால் சில வருடம் உள்ளே இருக்க வேண்டிவரும்.

"அவருதான் அனுப்புனாரு மிஸ். அந்த மிஸ்ஸுக்கு டைம் கணக்கு தெரியும், அவங்க ஒருத்தங்கதான் சொல்ல முடியும், போயி கேளுன்னாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு மிஸ். அவரு வேகமா ஓட்டுற ஆளு இல்ல."

"பாக்கிறேன்" என்றேன்.

எழுந்தவர் திரும்பிக் கேட்டார். "மொத அடி யாரு மிஸ் அடிச்சது? பஸ்ஸுக்குள்ளயே அடிச்சிட்டாங்கன்னு கொண்டக்டர் தம்பி சொல்லுது. அதுக்கு யாருன்னு தெரியல. நீங்க முன்னுக்குத்தான இருந்தீங்க?"

"கூட்டத்துல சரியாத் தெரியல" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு பொய் சொன்னதில்லை.

அவர் போன பிறகு டிசம்பர் ஆய்வின் படிவங்களைத் தேடி எடுத்தேன். அவருக்கு உதவுவதற்காக இல்லை, என் நேரம் சரி என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காக. எங்கள் எழுதுவினைஞர் வந்து கட்டைப் பிரிக்க உதவினார். கலஹாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண், மூன்று பிள்ளைகளின் தாய். திகதிகளைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"மிஸ், இது லீவு நாளல்லவா? ஸ்கூல் நாள்னு போட்டீக்கி."

"பிள்ளைகள் ஏறிச்சே. பையோட, சீருடையோட. நானே பார்த்தேன்."

"அது எங்கட புள்ளைகள் மிஸ். முஸ்லிம் ஸ்கூல். ரமழான் நோம்பு மாசம் லீவு எடுத்ததால டிசம்பர்ல எங்களுக்கு ஸ்கூல் ஈந்திச்சு. சிங்கள ஸ்கூல், தமிழ் ஸ்கூல் எல்லாம் மூடித்தானே. ரோட்டெல்லாம் வெறிச்சோடி ஈந்திச்சு அந்த நாள்ல."

முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை வேறு என்பது கண்டியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெரும்பான்மைப் பாடசாலைகள் மூடிக் கிடந்த நாட்களில், ஒரு சமூகத்துப் பிள்ளைகள் ஏறியதை வைத்து எல்லாப் பாடசாலையும் நடப்பதாகக் கோடு போட்டிருக்கிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை, பாடசாலைத் தவணை எப்போது முடிகிறது என்று பார்க்கும் அவசியம் இருந்ததில்லை. இதெல்லாம் காரணங்கள். வேன்களே இல்லாத வீதியில் ஓடி அளந்த நேரத்தை, வேன்கள் நிறைந்த வீதியில் ஓடச் சொன்னேன். மனுவுக்கு எழுதிய பதிலும் அதே கோப்பில் இருந்தது, என் கையெழுத்தோடு. எழுதுவினைஞர் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பணிப்பாளரிடம் போனேன். யாழ்ப்பாணத்தவர், எனக்கு வேலை பழக்கியவர்களில் ஒருவர், கெட்ட மனிதர் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் கோட்டில சாட்சிக் கூண்டில ஏறி எங்கட ஆய்வு பிழை எண்டு சொன்னீரெண்டால், இவ்வளவு காலமும் குடுத்த அறிக்கையெல்லாத்தையும் தோண்டுவாங்கள். உம்மட பென்சனும் போகும். அந்தாள் வளைவில முந்தினவன். அது பிழையோ, இல்லையோ?"

"பிழைதான் சார்."

"பேந்தென்ன? பேசாம இரும்."

வளைவில் முந்தியது அவர்தான். அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் பிந்தினால் முறை போகும் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவள் நான். அது தெரிந்தே நிமிடங்களை வெட்டினேன். ஒருவரை மூச்சு முட்ட ஓட விட்டுவிட்டு, விழுந்ததும் முகத்தில் அடித்திருக்கிறேன்.

போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் என்னோடு நானே சண்டை பிடித்தேன். அந்த மாதத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். முடிவில் என்னைக் கொண்டுபோனது நீதியுணர்ச்சி என்று சொல்ல ஆசைதான். அது இல்லை. தினமும் பஸ்ஸில் போகும்போது முன்னால் இருக்கும் டிரைவரின் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

வழக்கு நாளன்று படிவக் கட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். பணிப்பாளரிடம் அனுமதி கேட்கவில்லை. டிரைவர் கூண்டில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார், இடது இமை உள்ளே குழிந்து கிடந்தது. என்னைப் பார்த்தார், பிறகு நீதவானைப் பார்த்தார். பின் வரிசையில் இறந்தவரின் தம்பி, வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

நான் சிங்களத்தில் சாட்சி சொன்னேன். அந்தப் பாதையில் பாடசாலை நாளில் அந்த நேரத்துக்குள் ஓட முடியாது. முடியும் என்று எழுதியது நான், அது என் பிழை. மீளாய்வு கேட்டு டிரைவர்கள் அனுப்பிய மனுவை மறுத்ததும் நான். படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். பொலிஸ் தரப்பில் ஒருவர் எழுந்தார்.

"வளைவில் முந்தச் சொன்னதும் நீங்கள்தானா?"

"இல்லை. ஆனால் முந்தாவிட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்."

இறந்தவரின் தம்பி என்னையும் கூண்டில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை வெறுப்பது என்று தெரியாத முகம். பஸ்ஸுக்குள் யார் அடித்தது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தீர்ப்பு வர வழக்கு இன்னும் இரண்டு தவணை போனது. அதில் இரண்டாவதில் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் சிறைத்தண்டனையை ஒத்திவைத்து, சாரதி அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்தார். ஒற்றைக் கண்ணோடு அது இருந்தும் என்ன பயன். அதற்குள் எனக்கு எதிராக ஒழுக்காற்று விசாரணை தொடங்கியிருந்தது, பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். தெல்தோட்டைப் பாதைக்குப் பன்னிரண்டு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுவினைஞர் வந்து சொன்னார்.

தீர்ப்பு நாளன்றும் போயிருந்தேன். நீதிமன்றப் படியில் கணவனும் மனைவியும் நின்றார்கள். மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க குலசாமி மிஸ் நீங்க. நீங்க இல்லன்னா எங்க குடும்பமே போயிருக்கும்." அந்தக் கரடுமுரடான விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மொத அடி நான் அடிச்சது" என்றேன். "பஸ்ஸுக்குள்ள. போர்டால. கண்ணுல பட்டது என் அடிதான்."

மனைவியின் கை அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் என் கன்னத்தில் அறைந்தார். காதுக்குள் மணியடித்தது. மறுபடி அறைந்தார். முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார். "எங்கிட்டயே பொய் சொன்னியே, எங்கிட்டயே பொய் சொன்னியே" என்று அதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். வக்கீல்கள் விலகி நின்றார்கள். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. நான் கையைத் தூக்கவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்து, இந்தப் பெண்ணை உள்ளே போடவா என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். வேண்டாம், விடுங்கள் என்றேன்.

டிரைவர் இவ்வளவு நேரமும் அசையாமல் நின்றார். கண்ணில் அதிர்ச்சி இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ். அடிச்சது எனக்குத்தானே."

"பொலிஸ்ல ஏன் சொல்லல? உங்க சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லலியே."

"டைம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தங்கதான்" என்றார். குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. "அடிச்சீங்கன்னு நான் சொல்லியிருந்தா, எனக்காகப் பேச வந்திருப்பீங்களா?"

அவருடைய ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, வந்திருக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு மனைவியின் கையைப் பொலிஸ்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்கிப் போனார்.